மோட்டார் ஸ்டாண்டும் ஒரு மருந்துக் குப்பியும்

எங்கள் தெரு வாசகசாலை ஆண்டு மலருக்காக நாகர்கோவில் மோட்டார் ஸ்டாண்டின் பழைய கதையை எழுதித் தரும்படி கேட்டார்கள். "அங்கேயே கெடந்தவரு நீங்கதானே அண்ணாச்சி" என்றார்கள். அது உண்மை. என்னைவிட அதிக நேரம் அந்த ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் என்ன வேலையாக உட்கார்ந்திருந்தேன் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மோட்டார் வருவதற்கு முன் அது மாட்டுவண்டிப் பேட்டை. ஒரு கிணறு, மயிலாடியில் கொத்திக் கொண்டுவந்த நீளமான கல்தொட்டி, இரண்டு பூவரசு, ஒரு வைக்கோல் கடை, மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரின் ஓலைச்சாய்ப்பு. அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகும்போது சாணி நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வழியாக ஓடுவேன். முதல் மோட்டார் வந்து நின்றபோது மாடுகள் நுகத்தோடு மிரண்டன. "இந்தச் சவம் எத்தன நாளைக்கு ஓடும், பாத்துருவோம்" என்று வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. சில வருடங்களில் வைக்கோல் கடை பெட்ரோல் டின் விற்கிற கடையாகிவிட்டது. லாடம் அடித்தவர் ரப்பர் ட்யூபுக்கு ஒட்டுப்போடக் கற்றுக்கொண்டார். கல்தொட்டி மட்டும் இடம் மாறவில்லை. மாடு குடித்த தண்ணீரை எஞ்சின் குடித்தது.

காலையில் தோவாளைப் பூக்கூடைகளும் குளச்சல் மீன்கூடைகளும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். தினமும் சண்டைதான்.

"ஏட்டி, கூடைய அங்கிட்டு நீக்கு. உனக்க மீன் நாத்தம் எனக்க பிச்சிப்பூவுல பிடிச்சா ஆரு வாங்குவா?"

"உம்ம பூமணத்துல எனக்க சாளைய ஆரும் வாங்காமப் போனா நீரு தின்னுவேரா?"

இப்படிப்பட்ட பேச்சையெல்லாம் நான் வண்டிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் வேலை வண்டிக்குள்தான்.

அந்தக் காலத்து மோட்டாருக்கு நேரம் கிடையாது. ஆள் நிரம்பினால் புறப்படும். தக்கலை வழியாக மேற்கே போகிற பாதைக்கு இரண்டு கம்பெனி வண்டிகள் எதிரெதிரே நிற்கும். காலி வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள். எதில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ அது சீக்கிரம் புறப்படும் என்று நினைத்து அதில்தான் ஏறுவார்கள். அந்த ஐந்தாறு பேரில் ஒருவனாக உட்காருவதுதான் என் வேலை. உண்மையான பிரயாணிகள் ஏற ஏற, நாங்கள் வெற்றிலை வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் போகிறவர்கள் போல ஒவ்வொருவராக இறங்கிவிடுவோம். வண்டி போனதும் அடுத்த வண்டியில் போய் உட்காருவோம்.

நான்காவது பாரத்தோடு படிப்பை விட்டு வீட்டில் சும்மா இருந்தேன். வேற்றாள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. கடையில் நிறுத்திப் பார்த்தார்கள், வாடிக்கையாளர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நின்றேன். கம்பெனி ஏஜெண்டு எங்களுக்குத் தூரத்து உறவு. "உனக்கேத்த வேல ஒண்ணு இருக்குலே. வாயே தொறக்காண்டாம். இரிச்சாப் போதும்" என்றார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

உட்காருகிற ஒவ்வொருவனுக்கும் ஏஜெண்டு ஒரு பொருள் கொடுப்பார். ஒருவனுக்குத் தகரப்பெட்டி, ஒருவனுக்குக் குடை. எனக்குக் கொடுத்தது ஒரு மருந்துக் குப்பி. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மருந்துத் தண்ணீர் வேண்டுமென்றால் நாமே குப்பி கொண்டுபோக வேண்டும். வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பல் வெட்டிய காகிதத்தை அதன் பக்கவாட்டில் ஒட்டித் தருவார்கள். மேற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. காலையில் கையில் குப்பியோடு ஒருவன் மேற்கே போகிற வண்டியில் உட்கார்ந்திருந்தால், வீட்டில் நோயாளி இருக்கிறார், டாக்டர் எழுந்து போவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும், கிளம்பாமல் நிற்கிற வண்டியில் இவன் ஏறமாட்டான் என்று எல்லாரும் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். ஏஜெண்டு அதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். "பத்து ஆளு இரிக்கதும் நீ குப்பியோட இரிக்கதும் ஒண்ணுதான்" என்பார். அந்தக் குப்பியின் மேல் பழைய காகிதம் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. அதை ஒருநாளாவது கழுவ வேண்டுமென்று எனக்குத் தோன்றியதில்லை.

எங்கள் பக்கத்துக் குளங்களில் கொக்கு பிடிக்கிறவர்கள், பழக்கிய கொக்கு ஒன்றை முன்னால் கட்டிவிட்டு மறைந்திருப்பார்கள். அதைப் பார்வைக்கொக்கு என்பார்கள். எதிர்க் கம்பெனி டிரைவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "ஏலே பார்வைக்கொக்கே, இன்னைக்கும் ஆஸ்பத்திரிக்கா?" நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதைப் பார்த்து, துயரத்தில் இருக்கிறான் என்று புதிதாக ஏறுகிறவர்கள் நினைப்பார்கள். என் கூச்சமே தொழிலுக்கு உதவியது.

அந்த வேலையில் ஒரு வருடமாவது ஆகியிருக்கும். வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழையில் ஒரு காலை. வண்டியின் பக்கத்துப் படுதாக்களை இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே நாங்கள் நான்கு பேர். எதிர் வண்டி கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. ஒரு அம்மாவும் மகளும் ஒரே குடைக்குள் வந்தார்கள். மயிலாடிப் பக்கத்திலிருந்து இருட்டோடு புறப்பட்டு நடந்து வந்திருந்தார்கள். முழங்கால்வரை சேறு. கல்தொட்டியில் தண்ணீர் மோந்து காலைக் கழுவிக்கொண்டார்கள். மகளுக்கு இருபது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, மார்போடு அணைத்த ஒரு துணிப் பொதி.

எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்த அந்த அம்மா, மற்ற மூவரையும் விட்டுவிட்டு என் கையைத்தான் பார்த்தார்.

"ஏறு மக்கா. இந்தத் தம்பி குப்பியோட இரிக்கு. இது இப்பம் விடும்."

ஏறி என் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அம்மா பேச்சுக்காரி. கேட்காமலே சொன்னார். தக்கலையில் ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி வேலை ஒன்று காலியாம். பார்த்து எடுக்கிற அம்மாள் சரியாக ஒன்பது மணிக்கு உட்காருவாராம். பத்து மணிக்கு வேறு ஊருக்குப் போய்விடுவாராம். வந்திருக்கிறவர்களில் ஒருவரை அன்றைக்கே வேலைக்கு எழுதிவிடுவாராம். "எனக்க மோளு படிப்புல முந்தி. நேரத்துக்குப் போய்ச் சேந்தா இவளுக்குத்தான். கல்லு கொத்துத வீட்டுல ஒரு வாத்திச்சி." மகள், "அம்மா, சும்மா இரிங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அவளும் என்னைப் போலக் கூச்சக்காரி என்று நினைத்தேன். எனக்கு அவர்கள்மேல் ஒரு அன்பு வந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

"உனக்க வீட்டுல ஆருக்கு மக்கா தீனம்?"

பேசக்கூடாது என்பதுதான் என் வேலையின் சட்டம். ஆனாலும் அந்த முகத்துக்கு முன் சும்மா இருக்க முடியவில்லை.

"அம்மைக்கு."

என் அம்மா அப்போது வீட்டில் உரலில் மாவு இடித்துக்கொண்டிருப்பாள். ஒரு தும்மல்கூட இல்லாதவள்.

"அய்யோ. என்ன தீனம்?"

"காய்ச்சல்."

அந்த அம்மா என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். "நீங்க கோவிலுக்குப் போறவிய. ஆனாலும் நான் ஒரு ஜெபம் சொல்லட்டா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, என் அம்மாவுக்காக வேண்டிக்கொண்டார். தகரப்பெட்டிக்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் படுதாவின் பக்கம் திரும்பிக்கொண்டான். மகள் கண்ணை மூடவில்லை. என் கையிலிருந்த குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்குள் உண்மையான பிரயாணிகள் ஐந்தாறு பேர் ஏறியிருந்தார்கள். குடைக்காரனும் தகரப்பெட்டிக்காரனும் நழுவினார்கள். வண்டி நகரவில்லை. எதிர் வண்டியில் எஞ்சினைச் சுற்றிவிட்டார்கள். எதிர்க் கம்பெனி ஏஜெண்டு வெளியே நின்று கத்தினார்.

"ரெண்டே ஆளு! இன்னும் ரெண்டே ஆளு! தக்கல, தக்கல! வண்டி போகுது!"

அந்த அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. நேரத்துக்குப் போய்விடுவார்கள். எதிர் வண்டியின் படியில் மகள் ஒரு காலை வைத்துவிட்டாள். அப்போதுதான் அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"ஏ தம்பி! நீ என்ன இரிக்கே? இது விடப்போகு, வா!"

"ரெண்டு ஆளுதாம்மா எடம்" என்றார் அந்த ஏஜெண்டு.

அந்த அம்மா ஒரு நிமிடம் நின்றார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மகளைத் தனியே அனுப்புகிற காலம் அல்ல அது. பிறகு மகளின் கையைப் பிடித்துப் படியிலிருந்து கீழே இறக்கினார்.

"நீ போ மக்கா. உனக்க அம்ம காய்ச்சலோட கெடக்கா. நாங்க ரெண்டு பேரும் இதுலயே வாறோம். இதும் இப்பம் விடும்லா?"

"எனக்கு அவசரமில்லை." இந்த இரண்டு சொல் போதும். இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்திருப்பேன். அன்றைக்கு வரவில்லை. எங்கள் ஏஜெண்டு வண்டிக்குப் பின்னாலிருந்து கண்ணால் ஏதோ காட்டினார். இருக்கச் சொன்னாரா, போகச் சொன்னாரா தெரியவில்லை. காய்ச்சலில் கிடக்கிற அம்மாவுக்கு மருந்து வாங்கப் போகிறவன் அவசரமில்லை என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கிவிடும். வண்டியில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "போ தம்பி, அந்த அம்ம சொல்லுதாள்லா, போ." முதுகில் யாரோ தள்ளினார்கள். நான் இறங்கி, மழையில் நடந்து, எதிர் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் ஒரு புகையிலை வியாபாரி ஏறி அடுத்த இடத்தையும் பிடித்துக்கொண்டார். வண்டி புறப்பட்டது.

டிரைவர் திரும்பி என்னைப் பார்த்து ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தார். "ஏலே பார்வைக்கொக்கே! கடசீல உன்னையே பிடிச்சிட்டாவளா?"

என்னிடம் டிக்கெட்டுக்குக் காசில்லை. சுங்கான்கடையில் இறக்கிவிட்டார்கள். குப்பியோடு நாகர்கோவிலைப் பார்த்துத் திரும்பி நடந்தேன். எங்கள் வண்டி சீக்கிரம் எதிரே வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் நின்று பார்த்தேன். வரவில்லை. மழை விட்டு வெயில் வந்தது. பார்வதிபுரம் தாண்டிய பிறகுதான் வண்டிச் சத்தம் கேட்டது. ஒன்பது மணி எப்போதோ போயிருந்தது. ஓரமாக ஒதுங்கினேன். படுதாவைத் தூக்கிவிட்டிருந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். நான் ஊரைப் பார்த்து நடந்ததால், போய்விட்டுத் திரும்புகிறேன் என்று நினைத்திருக்கிறார். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கித் திரும்பியிருக்க முடியாது என்பது அந்த அவதியில் அவருக்குத் தோன்றவில்லை. பாதி உடம்பை வெளியே நீட்டிக் கூப்பிட்டார்.

"மருந்து கெடச்சுதா மக்கா?"

நான் காலிக் குப்பியைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. பக்கத்தில் மகள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கே நான் குப்பியை ஏஜெண்டின் மேசையில் வைத்துவிட்டு விலகியிருந்தால், இதைக் கொஞ்சம் தலைநிமிர்ந்து எழுதியிருப்பேன். விலகவில்லை. மறு வாரமும் அதே குப்பியோடு அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். குப்பியைக் கழுவினேன், அவ்வளவுதான். பிறகு ஏஜெண்டு என்னை டிக்கெட்டுச் சீட்டு எழுதுகிற மேசைக்கு மாற்றினார்.

ஸ்டாண்டைச் சுற்றி ஊர் வளர்ந்தது. ஓலைச்சாய்ப்பு ஓட்டுக்கூரையானது. காப்பிக்கடை இரண்டு, சைக்கிள் வாடகைக்கு விடுகிற கடை ஒன்று, வழிப்போக்கர் தங்க மாடிக் கட்டடம் ஒன்று. பேட்டை வண்டிக்காரர்களில் சிலர் மோட்டார் கழுவுகிறவர்களானார்கள். முப்பதுகளின் கடைசியில் சர்க்காரே மோட்டார் விடத் தொடங்கியது. எங்கள் பாதையில் கம்பெனி வண்டிகள் நின்றன. சுவரில் கறுப்புப் பலகை வைத்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று வெள்ளையில் எழுதினார்கள். பத்து ஆள் இருந்தாலும் ஒரு ஆள் இருந்தாலும் மணி அடித்தால் வண்டி போகும். ஊர்க்காரர்கள் இதை நம்ப வெகுநாள் ஆயிற்று. "ஆளில்லாம விடுதானுவளே, கிறுக்கனுவ" என்றார்கள். நான் நாலெழுத்துப் படித்தவன் என்பதால், அந்தப் பலகையையும் மணியையும் பார்த்துக்கொள்கிற வேலை எனக்குக் கிடைத்தது. காலி வண்டியில் உட்கார்ந்து பொய் காட்டியவனுக்கு, நேரம் காட்டுகிற வேலை.

எங்களுக்குக் காக்கிச் சட்டை. ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் புதிதாக ஒரு தையல் கடை வந்திருந்தது. துணியையும் அளவுக்கு ஒரு பழைய சட்டையையும் கொடுத்தால் போதும் என்றார்கள். போனேன். மிஷினில் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த அம்மா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது.

அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"எம்மா! இது அந்தக் குப்பித் தம்பியில்லா? உனக்க அம்மைக்குச் சுகமாச்சா மக்கா?"

"சுகமாச்சு" என்றேன். அது மட்டும் பொய் இல்லை.

"கேட்டியாட்டி?" மகளின் பக்கம் திரும்பினார். "இவளுக்கு அந்த வேல போச்சு தம்பி. நாங்க போறதுக்குள்ள வேறொருத்திய எழுதியாச்சு. அதுக்கப்புறம் இவளுக்க அப்பாவும் செத்துப்போனாரு, ஒண்ணும் ஒத்து வரல்ல. நான் சங்கடப்படும்போ எல்லாம் சொல்லுவேன், மோளே, நமக்கு வேலதான் போச்சு, அங்க ஒரு அம்மைக்கு உயிரு கெடச்சுதுல்லா. அதத்தான் நான் பிடிச்சுட்டிருக்கேன்."

நான் துணியை மேசையில் வைத்தேன். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "அம்மா, அன்னைக்கு..." என்றேன்.

"நூலு தீந்துட்டு, கடையில ஒரு உருண்ட வாங்கிட்டு வாறியளா அம்மா?" என்று மகள் குறுக்கிட்டாள். அம்மா எழுந்து போகும்வரை மிஷினை ஓட்டினாள். பிறகு காலை நிறுத்தினாள்.

"அந்தக் குப்பிக்குள்ள எட்டுக்கால்பூச்சி வல கெட்டியிருந்துது" என்றாள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற குப்பிய ஆராவது கழுவாம எடுப்பாவளா? வண்டியில வச்சே எனக்குத் தெரியும்."

நான் அளவுச் சட்டையை எடுத்துத் துணியின் மேல் வைத்தேன்.

"நீங்களா சொல்லுவியன்னு பாத்தேன். படியில கால வச்சிட்டு உங்களத்தான் பாத்துட்டு நின்னேன்."

"நீங்க... சொல்லியிருக்கலாம்லா?"

"எங்கம்மா ஜெபம் பண்ணிட்டா. அத்தன பேருக்கு முன்னால எப்பிடிச் சொல்லுவேன், நீங்க ஒரு பொய்யனுக்காக ஜெபம் பண்ணினியன்னு?" துணியை எடுத்து அகலம் பார்த்தாள். குரல் மாறவே இல்லை. "இனியும் சொல்லாண்டாம். அவளுக்கு அந்த ஒண்ணுதான் மிச்சம். வியாழக்கிழம வந்து சட்டைய வாங்கிக்கிடுங்க."

வியாழக்கிழமை போனேன். தையல் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இருந்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருடக்கணக்கில் மணி அடித்தேன். தினமும் காலையில் அந்த அம்மா சந்து முனையிலிருந்து, "அம்ம சுகமா மக்கா?" என்று கேட்பார். "சுகம்" என்பேன். சொல்லாதே என்று மகள் கேட்டுக்கொண்டதால்தான் சொல்லவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள முயன்றதுண்டு. ஆனால் அவள் கேட்காவிட்டாலும் நான் சொல்லி முடித்திருப்பேனா என்பது எனக்கே தெரியும்.

ஒரே ஒரு பயம் மிச்சமிருந்தது. என் அம்மா ஒளித்துப் பேசத் தெரியாதவள். அந்த அம்மா அவளைக் கண்டு, "அன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சல் எப்பிடி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆகவே சுசீந்திரம் தேரோட்டத்துக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போக வேண்டுமென்றால், அம்மாவை ஸ்டாண்டுக்குக் கூட்டிவர மாட்டேன். வீட்டிலிருந்து சுற்றிக்கொண்டு கோட்டாறு வரை நடத்திக்கொண்டுபோய் அங்கே வண்டியேற்றுவேன். அவளுக்கு வயதாக வயதாக அந்த நடை நீண்டுகொண்டே போனது. பாதி வழியில் யார் வீட்டு மதிலையாவது பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவாள்.

"நீ ஸ்டாண்டுல மணியடிக்கவன். எனக்கு ஸ்டாண்டுல நின்னு வண்டியேற ஒரு யோகமில்லியாலே?" என்று கேட்பாள்.

நான் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பேன்.